மிளகும் மதியத் தூக்கமும்

போன் வந்தபோது அவன் பதினொரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் அறைக்குள் குனிந்து பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். கை முழுக்கக் கிரீஸ். கூட வேலை பார்ப்பவர்தான் போனை எடுத்து அவன் காதில் வைத்தார். அவரை வேலையிடத்தில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரை அணைக்க ஒரு பொத்தான் இருந்தால் தேவலை என்று அவருடைய மனைவியே சொன்னதாகக் கேள்வி.

"மிளகோட அப்பாவா? நர்சரியில இருந்து மிஸ் பேசுறேன். பயப்படாதீங்க, அவளுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா இன்னைக்கே வந்து என்னைப் பாக்க முடியுமா?"

மிளகு அவனுடைய மகள். ஐந்து வயது. பிறந்தபோது கைக்கு அடக்கமாக, கறுப்பாக, ஆஸ்பத்திரியே அதிரக் கத்திக்கொண்டிருந்ததால் அவள் அம்மா வைத்த செல்லப் பெயர். நர்சரிப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

மிஸ் பயப்படாதீங்க என்று சொன்னது வீண். அவனுக்குப் பயம் வரவில்லை. ஏழு வாரமாகவே எதுவும் வருவதில்லை. ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செருப்புக்கடையில் வேலை பார்த்த அவன் மனைவி ஒரு வாடிக்கையாளருக்கு ஷூ அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். தலை ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முப்பத்து மூன்று வயது.

ஆறாவது நாள் அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கலாமே என்று சூப்பர்வைசர் சொன்னதற்கு, "வீட்ல இருந்து என்ன பண்றது சார்" என்றான். அதற்குப் பிறகு ஒரு நாள் லீவு இல்லை, வேலையில் ஒரு பிசகு இல்லை. சாப்பிட்டான், குளித்தான், மகளுக்கு ஷூ லேஸ் கட்டினான். ஒரே பக்கமாகப் படுத்துக் கை மரத்துப்போனால், அது நம் கைதானா என்று இன்னொரு கையால் தொட்டுப் பார்க்கிறோமே, அப்படித்தான் அவன் தன்னைத் தொட்டுத் தொட்டு நகர்த்திக்கொண்டிருந்தான்.

நர்சரியில் பெரியவர்கள் உட்கார நாற்காலி கிடையாது. முழங்கால் நெஞ்சில் முட்ட அவன் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரில் இன்னொரு குட்டி நாற்காலியில் மிஸ். சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. விரல் நகங்களில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"மதியம் சாப்பிட்டதும் பிள்ளைங்களை ஒரு மணி நேரம் தூங்க வைப்போம். மிளகு படுக்கவே மாட்டேங்குறா. அதுகூடப் பரவாயில்லை. ஒன்பது நாளா, மத்த பிள்ளைங்க தூங்கினதும் ஒவ்வொருத்தர்கிட்டயா போய் இமையை விரலால பிரிச்சுப் பாக்குறா."

"எதுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'செக் பண்றேன்'னு சொன்னா." மிஸ் தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நேத்து ஒரு பையனோட கண்ணுல நகம் பட்டுடுச்சு. சின்னக் கீறல்தான். ஆனா அவங்க வீட்ல ரொம்பக் கோபமா இருக்காங்க."

அவன் தலையாட்டினான். நகம் வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அதை எப்போதும் அவள் அம்மாதான் செய்வாள்.

"இன்னைக்கு மடியில வச்சுக் கேட்டேன் சார். 'அம்மா தூங்குனாங்க. யாருமே எழுப்பலை. அதான் வரலை'ன்னு சொல்றா. இவங்களும் அப்படித் தூங்கிட்டா என்ன பண்றதுன்னு ஒவ்வொருத்தரையா எழுப்புறா."

பக்கத்து அறையில் யாரோ ஒரு பிள்ளை மேளத்தை அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. திரும்ப அடித்தது.

"நானே சொல்லியிருக்கலாம்," என்றாள் மிஸ். "ஆனா முதல்ல உங்ககிட்ட இருந்து வரணும்னு தோணுச்சு. எனக்கும் இதுல பழக்கம் இல்லை. ஒரு புத்தகம் தேடிப் படிச்சேன். தூக்கம், பயணம்னு எல்லாம் சொல்லாம, நடந்ததை நடந்த மாதிரி சொல்லணுமாம். அப்புறம், அவங்க திரும்பத் திரும்பக் கேப்பாங்களாம். கேக்கிறப்பெல்லாம் அதே பதிலைச் சொல்லணுமாம்."

"சரி மிஸ்," என்றான். பையனின் வீட்டாரிடம் தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னான். எழுந்தபோது குட்டி நாற்காலியும் கூடவே எழுந்தது. மிஸ்தான் அதைப் பிடித்துக் கழற்றினாள். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

மிளகின் கையைப் பிடித்து நடந்து வரும்போதுதான் அவன் யோசித்துப் பார்த்தான். அம்மா இறந்த அன்றைக்கு அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். நாள் முழுக்கக் கார்ட்டூன் பார்த்தாள். அடக்கத்துக்கும் கூட்டிப் போகவில்லை. குழந்தை எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் சரி என்றான். சாயங்காலம் அவள் அம்மா எங்கே என்று கேட்டபோது, அவன் அக்காதான் அவளை அணைத்துக்கொண்டு, "அம்மா அசந்து தூங்குறா கண்ணு, எழுப்பக் கூடாது" என்றாள்.

பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டுக்காரர், "தவறிட்டாங்க" என்றார். அம்மா என்ன தப்புப் பண்ணினாள் என்று மிளகு இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். செருப்புக்கடை முதலாளியம்மா, "நம்மளையெல்லாம் விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். எங்கே போனாள், தன்னை ஏன் கூட்டிப் போகவில்லை என்று அதற்கு ஒரு அழுகை. அவன் மட்டும் என்ன சொன்னான்? "அம்மா இல்லைடா" என்றான். வீட்டில் இல்லையா, கடையில் இருக்கிறாளா என்று அவள் கேட்டதற்கு, பதில் சொல்லாமல் டிவியைப் போட்டுவிட்டான். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். யாரும் நடந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் ரேடியோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு மாடிகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது மாடி வந்ததும், "அம்மா நட்சத்திரம் ஆயிட்டான்னு சொல்லேன். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அழகா இருக்கும்" என்றார்.

"நாளைக்கே ஏணி கேப்பா அண்ணா."

அபூர்வமாக அன்றைக்கு ரேடியோ பத்தாவது மாடிவரை எதுவும் பேசவில்லை.

அக்கா திரைச்சீலை தைப்பவள். தம்பிக்குத் துணையாக வந்தபோது தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஹாலில் பாதி இடத்தில் யாருடைய ஜன்னல் துணிகளோ குவிந்து கிடக்கும். அவன் மிஸ் சொன்னதைச் சொன்னதும் அவள் மெஷினை நிறுத்தினாள்.

"அஞ்சு வயசுக் குழந்தைடா. அந்த வார்த்தையை அவகிட்ட எந்த வாயால சொல்றது?"

"என் வாயாலதான்."

"நான் தூங்குறான்னு சொன்னதுதான் தப்பாப் போச்சா? அப்போ அந்த முகத்தைப் பாத்து எனக்கு வேற என்னடா வரும்?"

"உன்னைக் குத்தம் சொல்லலை அக்கா. நான் அதுகூடச் சொல்லலையே."

அக்கா யாருடைய திரைச்சீலையிலோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதில் கறை பட்டதா என்று விரித்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ரேடியோ டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், மோட்டார் அறையில் அவன் தனியாக நின்று சொல்லிப் பார்த்தான். "உங்க அம்மா செத்துப் போயிட்டா." இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை சொன்னான். அப்போதுதான் கவனித்தான், அந்தச் சொல்லிலும் ஒரு 'போய்' இருந்தது. மிளகு அதைத்தான் பிடித்துக்கொள்வாள். எங்கே போனாங்க என்பாள். 'செத்துட்டா' என்று குறைத்தான். கட்டையாக இருந்தது. ஆனால் அதில் தொங்கிக்கொள்ள இடம் இல்லை. நான்கு தடவை சொன்னான். மூன்றாவது மாடிக் கதவு பழுது என்று சொல்வதைப் போலத்தான் இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தான். வரவில்லை. மோட்டாரைத் திரும்பப் போட்டான்.

சனிக்கிழமை காலை மிளகைப் பால்கனியில் உட்கார வைத்து, அவள் காலை மடியில் எடுத்து வைத்து நகம் வெட்டத் தொடங்கினான். கையில் பத்தையும் வெட்டியாகிவிட்டது. காலில் கட்டைவிரல் முடிந்து அடுத்த விரலுக்கு வந்தபோது சொன்னான்.

"மிளகு, அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வருத்தமான விஷயம். அம்மா தூங்கலை. அம்மா செத்துட்டாங்க."

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறும்பு மாதிரியா?"

"ஆமா. எறும்பு செத்தா அசையாதுல்ல, அந்த மாதிரி. அம்மாவோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. மூச்சு விடாது. பசிக்காது. வலிக்காது."

"அத்தை தூங்குறாங்கன்னு சொன்னாங்க."

"அத்தைக்கு உன்கிட்டச் சொல்லக் கஷ்டமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொல்லிட்டாங்க. தூங்குறது வேற, சாகறது வேற. தூங்கினா எழுந்திடுவோம். நீ தெனமும் எழுந்திருக்கிறேல்ல?"

"நீ எழுப்பிப் பாத்தியா?"

"டாக்டர் எல்லாம் பாத்தாங்க."

"நீ பாத்தியா?"

நகவெட்டியை அவன் தரையில் வைத்தான். "பாத்தேன். கையைப் பிடிச்சுக் கூப்பிட்டேன். கை சில்லுன்னு இருந்துச்சு. அம்மாவால கேக்க முடியலை."

"சத்தமாக் கூப்பிட்டியா?"

"சத்தமாத்தான்."

அது உண்மை. ஆஸ்பத்திரியின் அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டிருந்தான். ஒரு நர்ஸ் வந்து அவன் தோளைத் தொட்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மிளகு கொஞ்ச நேரம் பால்கனிக் கம்பியைச் சுரண்டினாள். பிறகு, அவனைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னைக்கு நான் ஷூ போட மாட்டேன்னு கத்தினேன். அம்மா தலை வலிக்குதுன்னு சொன்னாங்க. அதனாலயா?"

இது இத்தனை நாளாக அந்தச் சின்னத் தலைக்குள் இருந்திருக்கிறது. அவனுக்கு நெஞ்சில் எங்கோ ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. வெகு தூரத்தில் யாரோ ஒரு மேசையை இழுத்த மாதிரி.

"இல்லைடா. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் இருக்கும், குட்டிப் பைப் மாதிரி. அது உடைஞ்சு போச்சு. நீ கத்தினதால இல்லை. நீ என்ன பண்ணினாலும் அதனால அது உடையாது. அப்பா என்ன பண்ணினாலும் உடையாது. அது யாருக்குமே தெரியாம உள்ள இருந்துச்சு."

"கத்தினா உடையாதா?"

"உடையாது."

மிளகு கம்பிகளுக்கு நடுவே வாயை வைத்து, ஆ என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கீழே போய்க்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் திரும்பி அப்பாவின் தலையை உற்றுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லை. காதுதான் அடைக்குது."

"பிஸ்கட் வேணும்," என்றாள் அவள். வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் துணிக் குவியலுக்கு அடியில் புகுந்து விளையாடத் தொடங்கினாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "அவ்வளவுதானா?" என்று கிசுகிசுத்தாள். அவ்வளவுதானா என்று அவனுக்கும் தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. மதியம் சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தட்டைத் தள்ளிவிட்டாள். ஷூக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் எறிந்தாள். அக்கா தடுக்கப் போனபோது அவன் வேண்டாம் என்று கை காட்டினான். எறிய ஷூ தீர்ந்த பிறகு அவன் மடியில் வந்து விழுந்து, இத்தனை நாள் அழாத அழுகையை அழுதாள். அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். தன் கண் மட்டும் காய்ந்து கிடப்பதை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அம்மா எங்கே இருக்கிறாள், பார்க்க வேண்டும் என்றாள். அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப் போனான். மண் இன்னும் முழுக்க இறுகவில்லை. மிளகு குந்தி உட்கார்ந்து அதைத் தட்டிப் பார்த்தாள்.

"உள்ளே மூச்சு முட்டாதா?"

"அம்மாவுக்கு இப்போ மூச்சே இல்லை. அதனால முட்டாது."

"இருட்டா இருக்குமே?"

"அது அம்மாவுக்குத் தெரியாது. பயமும் தெரியாது."

அவள் காதை மண்ணில் வைத்துக் கேட்டாள். நீண்ட நேரம் கேட்டாள். எழுந்தபோது கன்னத்திலும் காதிலும் மண். "சத்தம் இல்லை," என்றாள். பிறகு, "அப்பா, ஒண்ணுக்கு வருது."

மிஸ் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நாள் தவறாமல் கேள்வி. பல் தேய்க்கும்போது, சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்டிருக்கும்போது, சாலையைக் கடக்கும்போது. அம்மா செத்துட்டாங்களா? ஆமா. என் பிறந்தநாளுக்கு வருவாங்களா? வர முடியாது. அடுத்த பிறந்தநாளுக்கு? அதுக்கும் முடியாது. ஒவ்வொரு முறையும் அவள் அதைப் புதிதாகக் கேட்டாள். அவனும் புதிதாகக் கேட்டதைப் போலவே பதில் சொன்னான். அக்கா முதலில் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். ஒரு நாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, ஹாலில் மெஷின் நிற்பதும், அக்கா, "ஆமா கண்ணு, செத்துட்டா. அத்தைக்கும் அவ ஞாபகமாத்தான் இருக்கு" என்று சொல்வதும் கேட்டது.

நர்சரியில், மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் மிஸ் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கலர் பென்சில்களைப் பிரித்து அடுக்கும் வேலை கொடுத்தாள். யாரையாவது செக் பண்ண வேண்டும் என்று தோன்றினால் எழுந்து போய் அவர்கள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கலாம், கண்ணைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தம். முதல் வாரம் ஒரு மணி நேரத்தில் பதினைந்து தடவை எழுந்தாள். இரண்டாவது வாரம் நான்கு, ஐந்து. மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, பச்சைப் பென்சிலைக் கையில் வைத்தபடியே மிஸ்ஸின் தொடையில் சாய்ந்து தூங்கிப்போனாள். எழுந்திருக்க முடியாமல் மிஸ்ஸுக்குக் கால் வலித்ததாம். சாயங்காலம் வாசலில் இதைச் சொல்லும்போது மிஸ் அழுதாள். அவன், "ரொம்ப நன்றி மிஸ்" என்றான். வேறு எதையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று பாதி வழியில்தான் தோன்றியது.

அந்த வாரமே இன்னொரு புகாரும் வந்தது. கூடப் படிக்கும் ஒரு பெண்ணின் பூனை ஒரு பண்ணைக்கு வசிக்கப் போயிருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். மிளகு அவளிடம் விலாவாரியாக விசாரித்துவிட்டு, அது செத்துடுச்சு என்று சொல்லிவிட்டாள். பெண்ணின் அம்மா போனில் பொரிந்து தள்ளினார். "உங்க பொண்ணு இப்படிப் பேசலாமா?" அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்புத்தாங்க, சொல்லி வைக்கிறேன்" என்றான். பிறகு, "பூனை எங்கேங்க?" என்றான். "லாரியில அடிபட்டுடுச்சுங்க" என்றார் அந்த அம்மா, குரல் இறங்கிப்போய்.

அந்த வெள்ளிக்கிழமை நர்சரியிலிருந்து வரும் வழியில், சிக்னலில் நிற்கும்போது மிளகு கேட்டாள்.

"நீ எப்போ சாவே?"

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"தெரியாதுடா. யாருக்குமே தெரியாது. ஆனா ரொம்ப வருஷம் ஆகும்னு நினைக்கிறேன். நீ பெரிய பொண்ணா ஆனப்புறமும் இருப்பேன்னு நினைக்கிறேன்."

"நாளைக்கே செத்துட்டா?"

சாகமாட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் யாரும் சாவை நினைத்திருக்கவில்லை. அவன் அதை விழுங்கினான்.

"நாளைக்குச் சாக மாட்டேன்னுதான் நினைக்கிறேன். ஒருவேளை அப்படி ஆச்சுன்னா அத்தை உன்னைப் பாத்துப்பாங்க."

"அத்தையும் செத்துட்டா?"

"ரேடியோ மாமா இருக்காரு. அத்தையும் அவரும் பாத்துக்கிறோம்னு சொல்லியிருக்காங்க." அவன் யாரையும் கேட்டிருக்கவில்லை. இன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தான்.

மிளகு யோசித்தாள். "ரேடியோ மாமா வேண்டாம். அவரு ரொம்பப் பேசுவாரு. மிஸ்."

"சரி, மிஸ்கிட்டயும் கேப்போம்."

பச்சை விழுந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோடுகளை மட்டும் மிதித்துத் தாண்டித் தாண்டி நடந்தாள். எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது பேச்சு வேறெங்கோ போயிருந்தது. பென்சில் பெட்டி, யாரோ ஒருத்தியின் விழுந்த பல்.

வீட்டில் அவன் அக்காவிடம் கேட்டான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "இதை ஒரு கேள்வின்னு கேக்கிறியேடா" என்றாள். ரேடியோவுக்குப் போன் செய்தான். அவர், "கேக்கணுமா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசினார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மிளகு தன் தட்டில் இருப்பதை நாலு பாகமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாய் பாதியில் கை நின்றது.

"அக்கா, இதுல உப்பே இல்லையே."

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"நான் வந்த நாள்ல இருந்தே அப்படித்தான்டா. எனக்கு பிரஷர், உப்பு போடறதில்லை."

"ஓ," என்றான் அவன்.

அவள் எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். மிளகு முந்திக்கொண்டு, எட்டிக் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து அவன் தட்டில் போட்டாள். அது கொஞ்சம் கூடிப்போனது. அவன் பிசைந்து, முழுவதையும் சாப்பிட்டான்.